வாசல் வளையம்

அத்தியாயம் 11

நேற்றைய இரவு உணவின்போது வெர்னன் ஸ்டாஃபர் முள்கரண்டியைத் தட்டில் சாய்த்துவிட்டுச் சொன்ன ஒரு சொல், அவருடைய மூத்த மகள் ரோண்டாவின் தொண்டையில் விடிந்த பின்னும் இறங்காமல் நின்றது.

"இந்த வருஷம் வாசல் வளையத்தை லிண்டி பண்ணட்டும். உங்கம்மா கை அவளுக்குத்தான் வந்திருக்கு."

லிண்டி என்று அவர் செல்லமாக அழைக்கும் இளையவள் மெலிண்டா, பன்னிரண்டு ஆண்டுகள் நெவாடாவின் பாலை நகரொன்றில் வாழ்ந்துவிட்டு, மணவிலக்குப் பத்திரமும் இரண்டு பெட்டிகளுமாக இந்த ஒஹாயோச் சிற்றூருக்குத் திரும்பி மூன்று வாரமே ஆகியிருந்தது. தாய் நோயில் கிடந்த காலத்தில் அவள் வரவில்லை. புதைத்த அன்று வந்தாள். மறுநாளே விமானம் ஏறினாள். தாயைத் துடைத்ததும் தந்தைக்குச் சமைத்ததும் ரோண்டா. பதினோரு இலையுதிர்காலங்கள் அந்தக் கதவில் வளையம் மாட்டியவளும் அவளே.

சர்ச் தெருவில் இதற்கு ஒரு முறைமை உண்டு. பேய் வேடத் திருநாளான ஹாலோவீனுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தெருவார் அனைவரும் கையில் விளக்கேந்தி, வீடு வீடாக நடந்து அலங்காரம் பார்ப்பார்கள். கடையில் வாங்கிய பொருள் ஒன்றுகூட வாசலில் இருத்தல் ஆகாது. பேயும் வௌவாலும் வைக்கோல் மனிதனும் எவர் செய்தாலும் சரி. கதவின் நடுவே தொங்கும் கொடிவளையத்தை மட்டும் அந்த வீட்டை ஆளும் பெண்தான் முறுக்க வேண்டும். எவரும் எழுதி வைக்காத இந்த விதியை எவரும் மீறியதில்லை.

ஆதலால் வெர்னன் சொன்னது அலங்காரத்தைப் பற்றியதன்று. அது ரோண்டாவுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ரோண்டா அடுக்களையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தாள். பெரிய சட்டியில் வெந்நீர், அதனுள் சிறிய சட்டி, அதனுள் வெண்மெழுகு. இடுக்கியால் காம்பைப் பிடித்து மேப்பிள் இலையை ஒரு முறை முக்கி, ஒரு முறை உதறி, காகிதத்தின்மேல் பரப்ப வேண்டும். அப்படிக் குளித்தெழுந்த இலை பனிக்காலம் முழுவதும் சுருளாது, வெளுக்காது. மேசையின்மேல், கஞ்சியில் தோய்த்த வலைத்துணிகள் புட்டிகளின் தலையில் போர்த்தப்பட்டு, வரிசையாகப் பேய்களாய் விறைத்துக்கொண்டிருந்தன.

குளிர்பெட்டியின் கதவில் ஒரு கடிதம் காந்தத்தால் ஒட்டப்பட்டிருந்தது. பக்கத்து நகர மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் மெலிண்டாவுக்குச் செவிலி வேலை. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சேர வேண்டும். அன்று கைகள் சோதிக்கப்படும். புண்ணோ தடிப்போ கொப்புளமோ இருந்தால் சேர்க்கை இல்லை. அந்த நாள் தவறினால் அடுத்த வாய்ப்பு வசந்தத்தில். அந்தக் கடிதத்தை மெலிண்டா படித்ததைவிட ரோண்டா அதிக முறை படித்திருந்தாள்.

வேலை கிடைத்தால் தங்கை இங்கேயே தங்குவாள். கிடைக்காவிட்டால், கையில் இருப்பதைக் கொண்டு ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டாள். நெவாடாவில் பழைய வேலை இன்னும் காத்திருக்கிறது என்று அவளே சொல்லியிருந்தாள்.

பின்கதவு திறந்தது. குளிரோடு மெலிண்டாவும் உள்ளே வந்தாள். முழங்கைவரை மடித்த சட்டை, சிவந்த கன்னம், தோளில் பாம்புச் சுருளாய்க் கனத்த கொடி.

"பாரு ரோண்டா! ஒரு வளையம் என்ன, மூணு வளையம் முறுக்கலாம் இதுல. பழைய ரயில் மேட்டுல, ஒரு செத்த மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. பிச்சு எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு."

"கத்தி எடுத்துட்டுப் போகலையா?"

"கத்தியா? நெவாடால கள்ளிச்செடியைத்தான் கத்தியால வெட்டணும். அதை வளைச்சுக் கதவுல மாட்டினா வர்றவன் கேஸ் போடுவான்!"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தபடி, கொடியைப் பின்கட்டு வாளியின் வெந்நீரில் அமிழ்த்தினாள். ரோண்டா இடுக்கியை ஏந்தியபடியே எட்டிப் பார்த்தாள்.

கொடியின்மேல் ரோமம் இருந்தது.

செம்பழுப்பு ரோமம், நைந்த கயிற்றின் பிசிர்போல உடல் முழுவதும் அடர்ந்த ரோமம். காட்டுத் திராட்சையின் பட்டை நார்நாராய் உரியும். அதற்கு ரோமம் கிடையாது. ரோமம் உள்ளது ஒன்றே ஒன்று. பாய்சன் ஐவி. கோடையில் மூன்று மூன்றாய் இலை காட்டித் தன்னைத் தானே அறிவிக்கும் அந்த விஷக்கொடி, இலை உதிர்ந்தபின் மரத்தோடு மரமாய் ஒளிந்துகொள்ளும். இலைதான் உதிரும், பால் உதிராது. இந்த ஊர்க் குழந்தைகள் எழுத்துக்கு முன் கற்பது இதைத்தான். பன்னிரண்டு ஆண்டுப் பாலை மணல் மெலிண்டாவின் கண்ணிலிருந்து அந்த எழுத்தை அழித்திருந்தது.

ஒன்பது வயதில் ரோண்டாவை அது ஒருமுறை தீண்டியிருக்கிறது. மூன்று வாரம். விரலிடுக்கெல்லாம் நீர்க்கொப்புளம். சொறியாதிருக்கத் தாய் அவள் கைகளில் காலுறை மாட்டி, மணிக்கட்டில் நாடா கட்டித் தூங்க வைத்தாள்.

"அம்மா எடுப்பாங்களே, அதே திராட்சைக்கொடிதானே இது?" என்றாள் மெலிண்டா, கத்தியால் ரோமத்தைச் சுரண்டிக்கொண்டே.

இடுக்கியிலிருந்த இலை மெழுகில் அமிழ்ந்து கிடந்தது. அதை எடுக்க ரோண்டா மறந்துபோனாள்.

"நல்ல தடிப்பா இருக்கு," என்றாள்.

அது பொய்யன்று. பொய்யைக் காட்டிலும் கவனமாகப் பொறுக்கியெடுத்த சொல்.

அடுப்பின்மேல் கடிகாரம் எட்டுப் பத்தைக் காட்டியது. கால்மணி நேரத்துக்குள் சோப்பும் குளிர்நீரும் கொண்டு தேய்த்துக் கழுவிவிட்டால் அந்தப் பால் தோலில் இறங்காது. இதுவும் ஊரறிந்ததே. ரோண்டா அந்தக் கால்மணியை மனத்துக்குள் ஒரு நாணயம்போல் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடுவேன், சற்றுப் பொறுத்துச் சொல்லிவிடுவேன். முகம் வெளுத்துத் துள்ளிக் குதிக்கட்டும். அதை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவேன். அவ்வளவுதான் அவள் விரும்பியது. அந்த நேரம்வரை அவ்வளவுதான்.

"நேத்து நீ படுக்கப் போன பிறகு அப்பாகிட்ட பேசினேன்," என்றாள் மெலிண்டா.

"என்னன்னு?"

"நான் வேலைல சேர்ந்ததும் அவரை நானே பார்த்துக்கறேன்னு. நான் நர்ஸு. மாத்திரை, மூச்சு மருந்து எல்லாம் எனக்கு அத்துப்படி. நீயும் பாவம், எத்தனை நாள்தான் இதுலயே கிடப்ப?"

"கிடக்கறேனா?"

"ஐயோ, கோவிச்சுக்காதேயேன். உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன். நகரத்துல சின்னதா ஒரு அபார்ட்மெண்ட் பாரு. நாலு பேரைப் பாரு, பழகு. நாற்பத்தேழெல்லாம் ஒரு வயசா?"

"அப்பா என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'அவ போயிட்டா என் காபியைக் கெடுக்க ஆள் வேணுமே'ன்னாரு." மெலிண்டா ரோமச் சுருள்களை விரலால் வழித்துத் தரையில் போட்டாள். "அப்புறம் நீ போனதும் மாடியில உன் ரூமை என்னை எடுத்துக்கச் சொன்னாரு, அதுதான் வெளிச்சமாம். நைட் டூட்டி முடிஞ்சு வந்து படுக்கற எனக்கு அது ஆகாதுன்னேன். பரவாயில்லை, திரை போட்டுக்கோன்னாரு."

அந்த அறையில் ரோண்டா நாற்பத்தேழு ஆண்டுகள் உறங்கியிருந்தாள். எட்டுப் பதினேழு.

"கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடுச்சு." மெலிண்டா எழுந்து கழுவுதொட்டியை நோக்கி வந்தாள். குழாயின்மேல் கை நீண்டது.

"அங்கே கையை விடாதே!" என்றாள் ரோண்டா. "கஞ்சிக் கிண்ணம் இருக்கு. சோப்பு பட்டா கஞ்சி நீர்த்துடும், பேயெல்லாம் தொங்கிப் போகும். துண்டு மாட்டியிருக்கு பாரு, அதுல துடைச்சுக்கோ."

கிண்ணத்தை ஒற்றை விரலால் நகர்த்தியிருக்கலாம்.

மெலிண்டா துண்டை எடுத்துக் கைகளைத் துடைத்தாள். பிறகு கழுத்து வியர்வையைத் துடைத்தாள். பிறகு அதே துண்டால் கண்ணிமைகளைத் துடைத்துக்கொண்டாள். "ஹப்பா," என்றாள். மீண்டும் வாளியருகே போய் உட்கார்ந்தாள்.

ரோண்டா இலைகளை ஒவ்வொன்றாய் முக்கினாள். கடிகாரத்தின் பெரிய முள் மூன்றரையைக் கடந்து நான்கைத் தொட்டு, ஐந்துக்கு வந்தது. வந்தபின் அவள் மூச்சை விட்டாள். ஆலயப் பாடகர் வரிசையில் இருபது ஆண்டுகளாக முதலிடத்தில் நின்று இறைவனின் இரக்கத்தைப் பாடிவரும் நாவு அது. ஒரு சொல்லுக்கு அசையவில்லை.

மெலிண்டா அப்பால் போனதும், துண்டை மெழுகு இடுக்கியால் பற்றி எடுத்துத் துவைக்கும் இயந்திரத்துக்குள் போட்டாள். தன் கை அதில் படாமல் மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டாள்.

நண்பகலில் வளையம் முடிந்து, பின்கட்டுச் சுவரின் ஆணியில் தொங்கியது. அழகாகத்தான் இருந்தது. ரோமம் களைந்த கொடி மூன்று பிரியாய் முறுக்கேறி, மெழுகுபூசிய சிவப்பிலைகளும் சோளத்தோகைப் பூக்களும் ஒருபுறம் அடர்ந்து மறுபுறம் அருகி, கண்ணை நிறுத்தியது. ரோண்டா பதினோரு முறை முயன்றும் அவளுக்கு வராத வடிவு.

வெர்னன் காபிக் கோப்பையோடு வந்து நின்றார். முப்பத்தொரு ஆண்டு நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்த நெஞ்சு. நாலடி நடந்தால் சீழ்க்கையடிக்கும். ஆயினும் குரல் மட்டும் பழைய மேற்பார்வையாளரின் குரல்.

"அடேயப்பா! லிண்டி, இதுதாண்டி வளையம்." கையை நீட்டினார்.

"தொடாதீங்க அப்பா," என்றாள் ரோண்டா சட்டென்று. "மெழுகு இன்னும் காயலை."

"அவ செஞ்சதைத் தொட உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்றாலும் கையை இழுத்துக்கொண்டார். "பதினோரு வருஷமா பார்த்தேன் ரோண்டா. நீ மாட்டினதெல்லாம் டிராக்டர் டயரு. தெருக்கோடி பெவர்லி ஒவ்வொரு வருஷமும் வந்து, 'வெர்னன், வண்டி எங்கே'ன்னு கேப்பா."

"அப்பா! பாவம்ப்பா அவ," என்று மெலிண்டா சிரித்தாள்.

"பாவம் என்ன பாவம்? டயர் நல்லா உழைக்கும். ரொம்ப நாள் வரும். இவளை மாதிரி."

மூவரும் சிரித்தார்கள். ரோண்டாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தங்கையின் விரலிடுக்குகளைப் பார்த்தாள். வெண்மையாக, மென்மையாக இருந்தன. நாளை மாலைக்குள், என்று எண்ணினாள்.

பிற்பகல் முழுவதும் ரோண்டா முன்வாசலில் இருந்தாள். கறுப்புக் காகித வௌவால்களை நூலில் கோத்து உத்தரத்தில் கட்டினாள். தந்தையின் பழைய சுரங்க உடுப்புக்குள் சருகு திணித்து, கோணிப்பையில் தலை கட்டி, நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அமர்த்தினாள். பரங்கிக்காய்களின் வயிற்றைக் குடைந்து பல் வெட்டினாள்.

நெடுநாளாய் அவளுக்கு வாய்க்காத ஓர் இலகுவான மகிழ்ச்சி அப்போது வாய்த்தது. ஞாயிற்றுக்கிழமை எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தாள். "ஐயோ லிண்டி, என்னடி இது கையெல்லாம்!" என்று கன்னத்தில் கை வைப்பாள். அரிப்பாற்றும் ஓட்ஸ் மாவைக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் தங்கையின் கைகளை வைத்துக் குளிப்பாட்டுவாள். மருத்துவமனைக்கு அவளே தொலைபேசியில் பேசுவாள். காலுறை மாட்டி நாடா கட்டிவிடுவாள். அந்த இரக்கம் எல்லாம் போலியாக இராது என்பதையும் அறிந்திருந்தாள். உண்மையாகவே இரங்கப் போகிறாள். அதை எண்ணியபோது கண்கூடச் சற்றுக் கலங்கியது.

நான்கு மணியளவில் புகை வாசனை வந்தது. அக்டோபரில் எல்லா வீட்டிலும் சருகு எரிப்பார்கள். பரங்கியின் குடலையும் விதையையும் ஒரு பாத்திரத்தில் வாரிக்கொண்டு, எருக்குழியில் கொட்டுவதற்காக ரோண்டா வீட்டைச் சுற்றிப் பின்புறம் போனாள்.

சருகு எரிக்கும் இரும்புப் பீப்பாயின் அருகே, சருகு வாரும் நீள்முட்கோலோடு வெர்னன் நின்றிருந்தார். அவர் காலடியில் ஒரு கூடை. அதில் பாதி காலியாகியிருந்தது. மீதிப் பாதியில் வெட்டிய கொடித்துண்டுகளும் சுரண்டிய ரோமச் சுருள்களும்.

ரோண்டாவின் கையிலிருந்த பாத்திரம் சாய்ந்து, விதைகள் காலணிமேல் வழிந்தன.

தீயில் அந்த விஷம் அழியாது. புகையில் ஏறும். தோலில் கொப்புளம் எழுப்புவது, மூச்சில் போனால் நெஞ்சுக்குள் எழுப்பும்.

"அப்பா! பெவர்லி போன்ல இருக்காங்க. உடனே வாங்க."

"வாழ்நாள் பூரா போன்லதான் இருக்கா அவ. அப்புறம் பேசறேன்னு சொல்லு."

"சாப்பாடு ஆறுது."

"நாலு மணிக்கு என்ன சாப்பாடு? பைத்தியமா உனக்கு?" அவர் இன்னொரு கொத்தை அள்ளிப் பீப்பாயில் போட்டார். மஞ்சள் கலந்த தடித்த புகை எழுந்து அவர் முகத்தைச் சுற்றியது. இருமினார். கையால் விசிறிக்கொண்டார்.

"அப்பா, புகை உங்களுக்கு ஆகாது. டாக்டர் சொன்னாரில்லே? தள்ளி வாங்க." அவர் கையைப் பற்றி இழுத்தாள்.

"விடு கையை! முப்பத்தொரு வருஷம் மலைக்கு அடியில கரித்தூள் தின்னவன் நான். சருகுப் புகையா என்னைச் சாகடிக்கும்? லிண்டி சுத்தம் பண்ணி வெச்சதை எரிக்கறேன், அதுலயும் உனக்குப் பொறாமையா?"

ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொன்னால் அவர் அக்கணமே விலகுவார். ரோண்டாவுக்கு அது தெரியும். ஆயினும் அந்த வாக்கியத்தின் பின்னால் காலை எட்டுப் பத்து நின்றது. அவள் வாக்கியத்தை விட்டுவிட்டுச் சுவரோரம் கிடந்த நீர்க்குழாயை எடுத்தாள். திருகினாள். பீப்பாய்க்குள் பீய்ச்சினாள்.

தீ அணையவில்லை. சீறியது. ஒரு வெள்ளைப் பாறைபோலப் புகை புரண்டெழுந்து முதியவரை விழுங்கியது.

அதற்குள்ளிருந்து முதலில் இருமல் வந்தது. பிறகு இருமலுக்கும் மூச்சு எட்டாத ஓர் ஓசை. முட்கோல் விழுந்தது. வெர்னன் மண்டியிட்டு, இரு கைகளையும் புல்லில் ஊன்றிக்கொண்டிருந்தார்.

மெலிண்டா பின்கதவைத் திறந்து ஓடி வந்தாள். தந்தையை இழுத்துக் காற்றோட்டமான பக்கம் உட்கார வைத்தாள். காதை அவர் முதுகில் வைத்துக் கேட்டாள். நாடி பிடித்தாள். அவள் முகம் தங்கையின் முகமாய் இல்லை, செவிலியின் முகமாகியிருந்தது.

"என்ன எரிச்சீங்க? சருகு மட்டும்தானே? பிளாஸ்டிக் ஏதாவது?"

"சருகுதான்," என்றார் வெர்னன் திணறலுக்கிடையில்.

"அப்போ பயமில்லை. உள்ளே சாய்ஞ்சு உட்கார்ந்து மருந்து இழுத்தா அடங்கிடும். ரோண்டா, மாடியில இருந்து அவரோட மூச்சு மருந்தை எடுத்துட்டு வா. ஓடு!"

ரோண்டா அசையவில்லை.

"காது கேக்கலையா?"

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"சருகுப் புகைக்கா? ஆஸ்பத்திரியா? நான் எதுக்கு இருக்கேன்?"

"போகணும் லிண்டி. இப்பவே."

"ஏன்?"

முதியவரின் மூச்சு சீழ்க்கையாய் இழுபட்டது. ஒன்று. மற்றொன்று. ரோண்டா கூடையைப் பார்த்தாள்.

"அது திராட்சைக்கொடி இல்லை," என்றாள்.

மெலிண்டா கூடையைப் பார்த்தாள். அதன் அடியில் மிஞ்சிக் கிடந்த ரோமச் சுருளைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கைகளைத் திருப்பி, விரல்களை விரித்தாள். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில், அரைமணியாய் அவள் அறியாமல் தேய்த்துக்கொண்டிருந்த இடத்தில், மெல்லிய செங்கோடு ஒன்று தோன்றியிருந்தது.

"எப்போ தெரிஞ்சது உனக்கு?"

"இப்போ. கூடையைப் பார்த்ததும்…"

"இப்போ தெரிஞ்சிருந்தா கத்தியிருப்ப. குழாயைத் தேடியிருக்க மாட்ட." அவள் குரல் உயரவில்லை. "எப்போ?"

"காலையில."

"நான் கேட்டேன். அம்மா எடுக்கற கொடிதானான்னு கேட்டேன்."

"ஆமா."

"கை கழுவ வந்தேன்."

ரோண்டா காலணியில் ஒட்டியிருந்த பரங்கி விதைகளை உதறினாள்.

"துண்டு," என்றாள் மெலிண்டா. சொல்லிக்கொண்டே கையைக் கண்ணிமைக்குக் கொண்டுபோனவள், தொடாமல் பாதியில் நிறுத்தினாள்.

அறைவாள் என்று ரோண்டா எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால் தாங்கியிருப்பாள். மெலிண்டா எழுந்து உள்ளே போனாள். குழாய் ஓடும் ஓசை கேட்டது. பாத்திரம் ஒன்று தரையில் விழுந்து உடையும் ஓசை கேட்டது. அது கஞ்சிக் கிண்ணமாக இருக்க வேண்டும். திரும்பி வந்தபோது முழங்கைவரை பாத்திரம் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறைகள் மாட்டியிருந்தாள். சொந்தத் தந்தையைத் தூக்க அவளுக்குக் கையுறை தேவைப்பட்டது.

"எழுந்திருங்க அப்பா. என்மேல சாஞ்சுக்கோங்க. மெதுவா."

"என்ன சொல்றா அவ?" என்று வெர்னன் திணறினார். "என்ன கொடி?"

"வண்டில சொல்றேன்."

வண்டியில் சொன்னாள். முன்னிருக்கையில் அவரைச் சாய்த்து, இருக்கைப் பட்டையைப் பூட்டிக்கொண்டே, நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்லும் தொனியில், கூட்டாமல் குறைக்காமல் நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். ரோண்டா வண்டியின் பின்கதவுக் கைப்பிடியைப் பற்றினாள்.

"நீ வராதே."

"அவரோட மருந்து லிஸ்ட் எனக்குத்தான் தெரியும். டாக்டர் கேப்பாரு. எது ஒத்துக்காது, எது…"

"போன்ல சொல்லு. வண்டில ஏறாதே." மெலிண்டா சுற்றிவந்து ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். சாவியைத் திருகினாள். திருகியவள் கிளப்பவில்லை. தந்தையின் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. அதன் வழியே அக்காவைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் ரோண்டா. அம்மா போன அன்னைக்கு மத்தியானம். அப்பா சர்ச்சுல இருந்தாரு. நான் நெவாடால இருந்தேன். வீட்டுல நீயும் அம்மாவும் மட்டும்தான்."

"லிண்டி…"

"மூச்சுத் திணறல் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது? எத்தனை மணிக்கு நீ ஆம்புலன்ஸைக் கூப்பிட்ட?"

ரோண்டாவின் வாய் திறந்தது. அவளுடைய நாற்பத்தேழு ஆண்டுகளில் கறை படாத பிற்பகல் ஒன்று உண்டென்றால் அது அதுதான். முதல் திணறலிலேயே கூப்பிட்டாள். ஊர்தி வரும்வரை தாயின் தலையை மடியில் ஏந்தி, உதட்டை ஈரப்பஞ்சால் நனைத்து, அவள் கேட்ட துதிப்பாட்டைத் தொண்டை உடைய உடையப் பாடினாள். கண்டவர் எவருமில்லை, இறைவன் ஒருவனே சாட்சி. அந்தச் சாட்சியை இப்போது எந்த வாயால் அழைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆனால் நேரில் காணாவிட்டாலும் வெர்னன் அதை நம்பினார். அன்று மாலை அவர் அவளைக் கட்டிக்கொண்டு, "நீ இல்லேன்னா அவ அநாதையா செத்திருப்பா ரோண்டா," என்று விம்மினார். பதினோரு டயர்களுக்கும் கெட்ட காபிக்கும் எதிராக ரோண்டா சேர்த்து வைத்திருந்தது அந்த ஒரு வாக்கியந்தான்.

"அப்பா," என்றாள். "சொல்லுங்கப்பா அவகிட்ட."

தெருமுனையில் பெவர்லியும் நாலைந்து பேரும் ஐந்து மணி நடைக்காக விளக்குகளோடு கூடுவது தெரிந்தது. முதியவர் இழுத்து இழுத்து மூச்சு விட்டார். சிவந்து நீர் வழிந்த கண்களைத் திருப்பி மூத்த மகளின் முகத்தைப் பார்த்தார். முன்பின் அறியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல, வெகுநேரம் பார்த்தார்.

பிறகு கதவிலிருந்த பொத்தானில் விரலை வைத்தார். கண்ணாடி முழுவதும் மேலேறி முடியும்வரை, விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார்.